80 கிராம் ஆசை

தாம்பரம் பக்கம் ட்ரோன் வாங்க நினைப்பவனுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காரணம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. அந்தக் கல்லூரியின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு 2018-இல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அன்றிலிருந்து எம்.ஐ.டி. வாசலில் டீ குடித்தவர்கள்கூட இந்த வட்டாரத்தில் விமானவியல் நிபுணர்கள்தான். என் மனைவியின் தம்பி அந்த வாசலில் நிறையவே டீ குடித்தவன்.

"மாமா, கோவளத்துல பசங்க சர்ஃபிங் பண்றாங்கல்ல? அதை மேலேருந்து ஒரு ஷாட் எடுத்தா எப்படி இருக்கும்!" என்று அவன்தான் பற்றவைத்தான். பள்ளியில் ஸ்க்ராட்ச் ப்ரோக்ராமிங் படிக்கும் மகள், "நாம ப்ரோக்ராம் எழுதினா கேக்குற ட்ரோனா இருக்கணும்" என்றாள். மனைவி, "பத்தாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா கிடையாது" என்றாள். ஆக, கேமரா அவனுக்கு, ப்ரோக்ராம் மகளுக்கு, பட்ஜெட் மனைவிக்கு. தேடும் வேலை மட்டும் எனக்கு.

ஆன்லைனில் மூன்றாயிரம் ரூபாய்க்குள்ளேயே ட்ரோன்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாப் பெட்டியிலும் '4கே கேமரா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இந்த 4கே, மனை விளம்பரங்களில் வரும் 'தாம்பரத்துக்கு மிக அருகில்' மாதிரி. செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் மனை கண்ணில் படும். சின்னப் படத்தை மென்பொருளால் இழுத்து நீட்டி 4கே கணக்குக் காட்டுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ரகங்கள் தங்கள் சொந்த ஆப் சொல்வதை மட்டுமே கேட்கும். நாம் எழுதும் ப்ரோக்ராமுக்கு உள்ளே நுழைய வழியே கிடையாது.

நல்ல ரகம் பக்கம் போனால் வேறு சிக்கல். 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு விலக்கு உண்டு; மைத்துனர்களுக்கு இல்லை. யூடியூபில் நாம் வாய்பிளந்து பார்க்கும் விமர்சனங்களில் பாதி, இங்கே நேர்வழியில் வர முடியாத சரக்கைப் பற்றியவை.

"உதிரி பாகத்துக்குத் தடை இல்லையே மாமா! ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லாம் கிடைக்கும். நாமளே அசெம்பிள் பண்ணிடலாம்."

அவன் சொன்ன விதி சரிதான். ஆனால் ஃப்ரேம், நாலு மோட்டார், மோட்டாருக்கு ஒன்றாக வேகக் கட்டுப்பாட்டு போர்டு, பறப்பைக் கவனிக்கும் மூளை, லித்தியம் பேட்டரி, அதற்கென்று தனி சார்ஜர், ரிமோட், கேமரா என்று எழுதிக் கூட்டினால் பட்ஜெட் இரண்டு மடங்கைத் தாண்டியது. அதுவும் போக, 'ரிப்பேர் பண்ணித் தர்றேன்' என்று அவன் பிரித்த எங்கள் மிக்ஸி இன்னும் அவன் வீட்டில்தான் பிரிந்த நிலையிலேயே இருக்கிறது.

மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய த்ரோணா ஏவியேஷனின் ப்ளூட்டோ, நாமே ப்ரோக்ராம் எழுதக்கூடிய இந்தியத் தயாரிப்பு. அதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர் தடைக்கு முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்த டெல்லோ என்ற குட்டி ட்ரோனைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். 2018-இல் வெளிவந்த மாடல். 5 மெகாபிக்சல் படம், 720பி வீடியோ, நல்ல நாளில் 13 நிமிடப் பறப்பு. ஸ்க்ராட்ச், பைத்தான் இரண்டுக்கும் கட்டுப்படும். எடை 80 கிராம்.

எடைதான் முக்கியம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை. ஓட்டுபவருக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக நினைத்த இடத்தில் விட்டுவிட முடியாது. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம். அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது. எங்கள் சேலையூருக்கு ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம். எங்கள் மொட்டைமாடியில் வடாம் காயப்போடலாம், அவ்வளவுதான். கோவளம் இந்த இரண்டுக்கும் 12 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. மைத்துனன் இதை தெய்வ சங்கல்பமாகவே எடுத்துக்கொண்டான்.

டெல்லோவைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. அன்று ஒரே கூட்டம். ஆட்களின் தலைக்கு மேல் விடக் கூடாது என்று ஒதுங்கி, படகுகள் நிற்கும் பக்கமாகப் போனோம். மைத்துனன் ட்ரோனை உள்ளங்கையில் ஏந்தி நின்றான். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்ளோ கனம் தம்பி இது?"

"எண்பது கிராம்ண்ணே."

அவர் காற்றுக்கு முகத்தைத் திருப்பினார். பிறகு மைத்துனனைப் பார்த்தார். "கடலுக்குள்ள போயிடும்னு பயப்படாத. இப்ப காத்து கரைப் பக்கம் அடிக்குது. கேளம்பாக்கத்துல போய்ப் பொறுக்கிக்கலாம்."

நான் படித்து வைத்திருந்ததும் அதையேதான் சொன்னது. டெல்லோவின் உச்ச வேகம் விநாடிக்கு 8 மீட்டர். எதிர்க்காற்று அதை எட்டினால் முழுமூச்சாகப் பறந்தும் நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்கு மேல் போனால் பின்னாலேயே போகும். இதில் ஜி.பி.எஸ். கிடையாது. வயிற்றில் இருக்கும் குட்டிக் கேமரா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, 'நான் நகரவில்லை' என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறது. கீழே அலை ஓடினால், ஓடுவது அலையா தானா என்று அதற்குத் தெரியாது. ட்ரோன் பையைவிட்டு எழும்பவே இல்லை. வறுத்த மீன் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் வீட்டுக் கூடத்தில் மகள் லேப்டாப்பைத் திறந்தாள். 'டேக்ஆஃப்' என்று கட்டளை அனுப்பியதும் டெல்லோ எழும்பியது. 'அப் 50' என்றதும் 50 சென்டிமீட்டர் ஏறியது. ஒவ்வொரு கட்டளைக்கும் 'ஓகே' என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் சொன்ன வேலைக்கு மறுபேச்சில்லாமல் ஓகே சொல்லும் ஒரே ஜீவன் அதுதான். 15 விநாடி புதிய கட்டளை வராவிட்டால் தானாகவே இறங்கிவிடும். இந்த வசதியை மைத்துனனுக்கும் பொருத்த முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே குறை, எங்கள் வெள்ளை டைல்ஸ். பளபளவென்று ஒரு புள்ளிகூட இல்லாத தரையில் வயிற்றுக் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. ட்ரோன் மெல்ல நழுவி டி.வி.யை நோக்கிப் போனது. மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து, கூடத்தின் நடுவே பெரிய சிக்குக்கோலம் ஒன்றைப் போட்டாள். ட்ரோன் மறுபடி எழும்பியது. கோலத்தின் நட்டநடுவில், ஆணி அடித்ததுபோல அந்தரத்தில் நின்றது. இறங்கும்போது மட்டும் இறக்கைக் காற்றில் கோலம் பாதி பறந்தது. அடுத்த முறைக்குக் கோடு போட்ட கோரைப்பாயை விரித்துவிட்டோம்.

பத்தாயிரத்துக்குள் முதல் ட்ரோன் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடலை மனதில் வைத்து வாங்காதீர்கள், கூடத்தை மனதில் வைத்து வாங்குங்கள். மெகாபிக்சலைக் கடைசியில் பார்க்கலாம். நாம் எழுதியதைக் கேட்குமா, மாற்று இறக்கையும் பேட்டரியும் கிடைக்குமா, சுவரில் மோதினால் பிழைக்குமா என்பதை முதலில் பாருங்கள். சுவரில் மோதும், அதில் சந்தேகமே வேண்டாம்.

மைத்துனன் இன்னும் அடங்கவில்லை. "அடுத்தது ஜி.பி.எஸ். உள்ளது பார்ப்போம் மாமா. காத்தைத் தாங்கும். கொஞ்சம் விலை அதிகம், அவ்ளோதான்" என்று போன வாரம் தொடங்கினான்.

"முதல்ல மிக்ஸி வரட்டும்டா" என்றாள் அவன் அக்கா.