மதிப்பெண் தேசம்

ஆஸ்திரேலியாவில் குடியேறிப் பிழைக்க விரும்பும் தொழில் வல்லுநர், முதற்காரியமாகத் தம்மை ஒரு விடைத்தாளாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 மதிப்பெண். 40-ஐத் தொட்டதும் அது 15 ஆகச் சுருங்கி, அனுபவமும் நிதானமும் கனிந்துவரும் 45-இல் கதவே சாத்தப்படுகிறது. ஆங்கில ஞானத்துக்கோ கணக்கு இன்னும் விசித்திரம்: ஐஇஎல்டிஎஸ் பரீட்சையின் நான்கு பிரிவுகளிலும் 6 வாங்கியவர் யோக்கியதை உள்ளவர்தாம், ஆனால் அவருக்குச் சன்மானம் பூஜ்யம், நான்கிலும் 8 வாங்கிய மகானுபாவருக்கே 20. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, தேவையான 65 தேறிவிட்டாலும், சர்க்காரின் அழைப்பு வந்தே தீரும் என்ற நிச்சயம் கிடையாது.

ஆயினும், பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது தர்மராஜ்யமே. 1901-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, வேண்டாத விருந்தாளியிடம் ஏதேனும் ஓர் ஐரோப்பிய பாஷையில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லலாம். எந்த பாஷை என்பது அதிகாரியின் சித்தம். 1934-இல், பல பாஷைகள் அறிந்த எழுத்தாளர் ஏகோன் கிஷ் வந்திறங்கியபோது, அவரைத் தோற்கடிப்பதற்கென்றே தேடிப் பிடித்த பாஷை ஸ்காட்லாந்தின் கேலிக். (அது சட்டம் கருதும் ஐரோப்பிய பாஷையே அல்ல என்று உயர் நீதிமன்றம் பிற்பாடு தீர்ப்பளித்தது தனி வேடிக்கை.) அந்தப் பரீட்சை 1958-இல் ஒழிந்தது.

இப்போது குடியேறுவோருக்கான ஆங்கிலப் பரீட்சையில் மனிதரின் பேச்சை இயந்திரமும் நிறுத்துப் பார்க்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட அயர்லாந்துக் கால்நடை மருத்துவர் ஒருவருக்கு, பேச்சில் சரளம் போதாதென்று 2017-இல் அது மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டது.