நிரல் 14: ஏனையவை

கனகராயன்குளம்,
வவுனியா வடக்கு.

இழப்பீட்டுப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,
ஊடாக: கிராம அலுவலர்

பொருள்: அழிந்துபோன கொமிக்ஸ் புத்தகங்கள் 43 பற்றிய மேன்முறையீடு

ஐயா / அம்மணி,

தங்கள் அலுவலகம் தந்த படிவத்தை ஒழுங்காகவே நிரப்பினேன். வீடு, கிணறு, மாடு, சைக்கிள், நீரிறைக்கும் மெசின் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிரல் இருந்தது. நிரல் 14 ‘ஏனையவை (குறிப்பிடுக)’ என்றது. குறிப்பிடச் சொன்னதால் குறிப்பிட்டேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி வாசித்துப்போட்டு, “ஐயா, உங்களுக்கு வயசென்ன?” என்று கேட்டா. வயது முதற்பக்கத்திலேயே இருக்கிறது. கொள்வனவுப் பற்றுச்சீட்டு இணைக்கப்படவில்லை, பொருளின் பெறுமதி நிரூபிக்கப்படவில்லை, ஆகவே கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று பிறகு பதில் வந்தது. பதில் வந்ததே பெரிய விஷயம். நன்றி.

பற்றுச்சீட்டு விஷயத்தை முதலில் முடிப்போம். 1984 யூலையில் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு ஜேம்ஸ் பொண்ட் கதையோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. அதே மாதம் சிவகாசியில் லயன் காமிக்ஸும் தொடங்கியது. எனக்குப் பதினொரு வயது. அந்தப் புத்தகங்கள் கடல் தாண்டி, கொழும்பு தாண்டி, வவுனியாக் கடையொன்றில் தொங்கி, யாரோ ஒருவரின் சைக்கிள் கரியலில் ஏ9 வீதியால் இங்கே வந்து சேரும்போது ஏழெட்டுப் பேர் வாசித்து முடித்திருப்பார்கள். என்னுடைய முதற்புத்தகத்தை நான் வாங்கவேயில்லை. சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தபோது பாதி வாசித்தேன். மீதியை வாசிக்கத் தலைமயிர் வளரவேண்டும். இரண்டு கிழமையில் நான் திரும்பவும் போய் நின்றதைப் பார்த்து, சலூன்கார அண்ணை பின்னட்டை இல்லாத அந்தப் புத்தகத்தைக் கையில் தந்து கலைத்துவிட்டார்.

மற்றவை பண்டமாற்று. ஒரு டெக்ஸ் வில்லருக்கு இரண்டு ராணி. எட்டு மாம்பழத்துக்கு ஒரு லக்கி லூக், அதுவும் கடைசிப் பக்கம் இல்லாதது. பற்றுச்சீட்டை அந்த மாமரத்திடம்தான் கேட்கவேண்டும். அதுவும் இப்போது இல்லை, நிரல் 9 பார்க்கவும்.

பெறுமதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1938இல் பத்துச் சதத்துக்கு விற்ற ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இலக்கத்தில்தான் சுப்பர்மான் முதன்முதலாக வந்தார். அதன் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் அறுபது இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. நிபுணர்கள் அதைச் சோதித்து, பத்துக்கு எட்டரைப் புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். இனி அதை ஒருவரும் வாசிக்க முடியாது, அதற்குத்தான் அந்த விலை. அவ்வளவு இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டிலும் 1970களின் முத்து காமிக்ஸ் பழைய பிரதிகள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன.

அந்த முறைப்படி என்னுடைய 43க்கும் புள்ளி போட்டுப் பார்த்தேன். ஊரே வாசித்ததற்கு இரண்டு கழித்தேன். பங்கருக்குள் மழைவெள்ளம் வந்த இரவுக்கு மூன்று. விளக்கெண்ணெய் சிந்தியதற்கு ஒன்று. மாமி ஒரு ராணியின் நடுத்தாளைக் கிழித்துக் கடலை சுற்றிக்கொடுத்ததற்கு ஐந்து. பூச்சியத்துக்குக் கீழே போனதும் நிறுத்திவிட்டேன்.

தாங்கள் விசாரணைக்கு ஆள் அனுப்புவதானால் அவருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மாயாவி இரண்டு பேர். ராணி காமிக்ஸின் மாயாவி காட்டில் இருக்கும் முகமூடிக்காரர். முத்து காமிக்ஸில் அவர் பெயர் வேதாளர். முத்துவின் மாயாவி வேறு ஆள். 1962இல் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர், ஒரு கை இரும்பு. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். புதிதாக வாசிக்க வரும் எல்லாரும் தடக்குப்படும் இடம் இது. அடையாள அட்டையில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்ததற்காக இந்தப் பக்கத்தில் என்னென்ன நடந்தது என்று தங்களுக்குத் தெரியும், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

இரும்புக்கை மாயாவியால் எங்களுக்குப் பெரிய தலையிடி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் அவர் மறைவார், இரும்புக்கை மட்டும் வெளியில் தெரியும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபிறகு வன்னியில் மின்சாரம் எங்கே? பற்றரியும் தடை. அது வேறொரு அலுவலகத்தின் பட்டியல், தங்களைக் குறை சொல்லவில்லை. சீமெந்து, யூரியா, எரிபொருள் என்று நீண்ட அந்தப் பட்டியலில் கொமிக்ஸ் இல்லாதது எங்களுக்கே அதிசயம். தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற சிவகாசியில் அச்சான சாமான், மேற்கொண்டு யோசித்திருந்தால் சேர்த்திருப்பார்கள். மாயாவி கனகராயன்குளத்துக்கு வந்தால் எப்படி மறைவார் என்று நாங்கள் பல இரவு விவாதித்தோம். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்ட காலம் அது. அதே வயரை அவருடைய கையில் பிடித்துவிடுவதென்று முடிவானது. ஒருவன் சுற்றச் சுற்ற, பாதம் மட்டும் மறையும். கை சோர்ந்தால் பாதமும் திரும்பி வந்துவிடும். முழு ஆளும் மறைவதற்கு எத்தனை சைக்கிள் வேண்டுமென்று கணக்குப் பார்த்த பெடியன் பிறகு நல்ல கணித வாத்தியாராக வந்திருப்பான்.

1997 மே மாதம் ஏ9 வீதியைப் பிடிக்கும் பெரிய சண்டை தொடங்கியது. 43 புத்தகத்தையும் பழைய யூரியாப் பையில் சுற்றி, ரங்குப்பெட்டியில் வைத்து, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தாட்டுவிட்டு வெளிக்கிட்டோம். சமாதான காலத்தில் திரும்பி வந்து பார்த்தால் காணி முழுக்க மண்டையோடு. சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு, ‘மிதிவெடி கவனம்’. முகமூடி மாயாவி ஒரு குத்து விட்டால் எதிரியின் தாடையில் மண்டையோட்டு முத்திரை விழும். அவர்தான் வந்து பெட்டிக்குக் காவல் நிற்கிறார் என்று என் தம்பி சொன்னான். மிதிவெடி அகற்றுகிறவர்கள் முடித்துவிட்டுப் போனபிறகு தோண்டினேன். மிதிவெடி இருக்கவில்லை, கறையான் இருந்தது. 43இல் ஆறு மிஞ்சியது. அந்த ஆறும், சண்டை திரும்பவும் நெருங்கிய 2008 கடைசியில், எங்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வெளிக்கிட்டவை. எந்த இடத்தில் இறங்கின என்று என்னால் சொல்ல முடியாது. படிவம் ‘அழிவு நிகழ்ந்த இடம்’ கேட்கிறது. ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

எங்களைப் பற்றியும் ஒரு கொமிக்ஸ் இருக்கிறது. பெயரே ‘வன்னி’. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொலொக் வரைந்து 2019இல் வெளிவந்தது. டிக்ஸ் கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் பணியில் இருந்தவர். ஆங்கிலப் புத்தகம். நாங்கள் ஓடின ஓட்டம் அழகான தாளில் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. தாங்கள் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டால் விசாரணைக்கு ஆள் அனுப்பும் செலவு மிச்சம். அதற்குப் பற்றுச்சீட்டும் கிடைக்கும்.

நான் திரும்பவும் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். 2012இல் வந்த ‘கம்பேக் ஸ்பெஷல்’ இதழுக்குப் பிறகு லயன்–முத்து நல்ல வெள்ளைத்தாளில் வருகிறது, மாயாவியை மறுபதிப்பாகவும் போட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் புத்திமதியையும் கேட்டேன்: உறை போடு, நிமிர்த்தி வை, வெயில் படாத, ஈரம் இல்லாத ஓரிடத்தில் வைத்து அசைக்காதே. கடைசிப் பகுதியை இரண்டு தரம் கேட்டேன். அப்படி ஓரிடம் தங்கள் அலுவலகக் கோப்பு அறையில் இருப்பதாக அறிகிறேன். 1995இல் கொடுத்த விண்ணப்பங்கள் இன்னும் அப்படியே அசையாமல் இருக்கின்றனவாம். ஒரு தட்டு ஒதுக்கித் தந்தால் இழப்பீடே வேண்டாம்.

இங்ஙனம்,
கோரிக்கை இல. தாங்களே இட்டது

இணைப்பு: கறையான் தின்றது போக மீதியான தாள் ஒன்று (மாயாவியின் இரும்புக்கை மட்டும் தெரிகிறது. ஆள் மறைந்தாரா, அரிக்கப்பட்டாரா என்பதைத் தாங்களே தீர்மானிக்கவும்). பார்த்தபின் திருப்பி அனுப்பவும். முத்திரை ஒட்டிய உறை உள்ளே.