மேல்மாடி அசரீரி

2025 செப்டம்பர் 28ஆம் தேதி துபாயில் நடந்த ஆசியக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் பாகிஸ்தானை நாம் வென்றதைக் குறித்து, அதிலும் 20 ரன்னுக்கு மூன்று விக்கெட் போன பிறகு அசையாமல் நின்று 69 ரன் எடுத்த திலக் வர்மாவின் நிதானத்தைக் குறித்து, நாலு வார்த்தை எழுதுவதே என் உத்தேசம். அதற்கு முன் எங்கள் மேல்மாடிக் கனவானைப் பற்றிச் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது; கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் வீட்டில் டிஷ். என் கையில் செல்போன். துபாயில் வீசிய பந்து ஆகாய மார்க்கமாக அவருடைய கூடத்தில் இறங்கி, அவர் அதை அனுபவித்து முடித்து அரை நிமிஷம் சென்ற பிறகே, இன்டர்நெட்டின் சத்திரங்களிலெல்லாம் தங்கி இளைப்பாறிவிட்டு என்னிடம் வந்து சேருகிறது. கம்சனுக்கு அசரீரி ஒரே ஒரு தடவைதான் கேட்டது. அதற்கே அவன் வாளை உருவிவிட்டான். எனக்கோ பந்துக்குப் பந்து கேட்டது. கைதட்டல் என்றால் நான்கு. விசில் என்றால் சிக்ஸர். தரை அதிர்ந்தால் குல்தீப் யாதவுக்கு விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 113 என்று கம்பீரமாக இருந்த பாகிஸ்தான் 146க்குள் சுருண்டபோது, என் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருந்தது. இவற்றைக்கூடச் சகிக்கலாம், மௌனம்தான் மகா கொடுமை. மேலே திடீரென்று நிசப்தம் நிலவ, என் திரையில் சூரியகுமார் யாதவ் ஒன்றும் அறியாதவராய்ப் பந்தை எதிர்நோக்கி நிற்க, அவருக்கு நான் மானசீகமாக விடைகொடுத்து அனுப்பினேன்.

"மேலே வந்து பாருங்களேன், சார்" என்று அழைக்கத்தான் அழைத்தார். போனால் அவருடைய வியாக்கியானத்தையும் கேட்க வேண்டும். அதற்கு அசரீரியே தேவலை.

கடைசி ஓவர், பத்து ரன் வேண்டும், ஹாரிஸ் ரவூஃப் வீசுகிறார். தாம் சந்தித்த அந்த ஒரே பந்தை எல்லைக்கு விரட்டப்போகும் ரிங்கு சிங், என் திரையில் அப்போதுதான் மட்டையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். மேலே சரவெடிக்குத் தீ வைத்தாகிவிட்டது!

இடம் தீர்ந்துவிட்டபடியால் திலக் வர்மா பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். டிஷ் வைத்திருக்கும் மகாஜனங்களே, தேசாபிமானத்தில் நான் உங்களுக்கு எள்ளளவும் குறைந்தவனல்லன். அடுத்த பந்தயத்திலாவது, தயவுசெய்து, அரை நிமிஷம் பொறுத்துக் கத்துங்கள்.