சொட்டுக்கணக்குப் பிள்ளை

ஏல, இங்க வா. ஒரு சொட்டு 0.05 மில்லின்னு செல்போன் சொல்லிச்சோ? இருபது சொட்டுக்கு ஒரு மில்லி. நல்ல கணக்குதான். எந்தச் சொட்டுக்குன்னு அதுட்ட கேட்டியா?

தண்ணிக்கு அது சரி. தண்ணி விட்ட அதே சொட்டுக் குழாயில நல்லெண்ணெய எடுத்து விட்டுப் பாரு. சொட்டு பொடுசா விழும். முப்பதுக்கு மேல விட்டாத்தான் மில்லி நெறையும். சாராயம்னா இன்னும் பொடுசு. என்னல முழிக்க? டிங்சரச் சொல்லுதேன். குழாய் வாய் அகலமா இருந்தா சொட்டு தடிக்கும். நேராப் பிடிச்சா ஒரு அளவு, சாச்சுப் பிடிச்சா வேற அளவு. சொட்டு என்ன, சர்க்கார் முத்திர குத்துன படிக்கல்லா?

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆளப் பாக்கப் போனா, ஆரஞ்சுப் பழத்தக் குடுத்துட்டு வந்துராத. குளுக்கோஸ் குழாயையும் அண்ணாந்து பாரு. பெரியாளுக்கு ஏத்துத குழாயில இருபது சொட்டு ஒரு மில்லி. பச்சப்புள்ளைக்கு மாட்டுத குழாயில அறுபது. ஒறையிலயே அச்சடிச்சிருப்பான். போலியோவுக்கு ரெண்டு சொட்டு, அது 0.1 மில்லி. 2017ல தமிழ்நாட்டுல ரோட்டா சொட்டு மருந்து வந்துச்சே, அதுல அஞ்சு சொட்டுதான் விட்டாக. அதுவே அரை மில்லி! ஒன் இருபது எங்கல போச்சு?

பாபநாசம் அணைக்கு வினாடிக்கு ஒரு கனஅடி தண்ணி வந்தா, ஒன் கணக்குப்படி அஞ்சரை லட்சம் சொட்டுக்கு மேல. போயி பிசான நெல்லுக்கு எண்ணிப் பாய்ச்சு, கோட்டிப்பயல.

சிரிச்சது போதும், இதக் கேளு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் குடுக்கியே. சொட்டு மருந்துன்னு சின்னப் பாட்டில்ல வாரதுல மில்லிக்கு 100 மில்லிகிராம். பெரிய பாட்டில் சிரப்பு ஒண்ணுல அஞ்சு மில்லிக்கே 125தான். நாலு மடங்கு வித்தியாசம்! பேரு என்னமோ ஒண்ணுதான். சிரப்புக்குச் சொன்ன அளவச் சின்னப் பாட்டில்லருந்து எடுத்து ஊத்துனா புள்ள ஈரல் தாங்குமா? இத ஒன் செல்போன் சொல்லிச்சா?

பெட்டிக்குள்ள கோடு போட்ட குழாய் வச்சிருக்காம்லா? அந்த மருந்துக்கு அந்தக் குழாய்தான். அடுத்த பாட்டிலுக்கு மாத்தாத. கண்ணு மட்டத்துல பிடிச்சுக் கோட்டப் பாரு. தொலச்சிட்டியா? மருந்துக்கடையில ஊசி இல்லாத சிரிஞ்சு கேளு, குடுப்பான். எத்தன மில்லின்னு டாக்டர்ட்ட கேட்டு எழுதி வாங்கிக்க. இப்பம் செல்ல அங்கிட்டு வச்சிட்டுப் புள்ளையத் தூக்கு, மூதி.