ஆணி காணாத வாகனம்

கேள்வி: உழைப்புக்கும், விளையாட்டுக்கும், பிரயாணத்துக்கும் ஒருசேர உதவும் நூதன சாதனம் ஏதேனும் நம் பக்கத்தில் உண்டா?
— வாசகர், கருங்குழி

பதில்: உண்டு. ஆணி ஒன்றும் அடியாமல், லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்து, மேலேறும் அலைநீர் இடுக்குகளின் வழியே தானே வடிந்துபோகும்படி சோழமண்டலக் கரை மீனவர் சிருஷ்டித்த கட்டுமரம், கவிழ்ந்தாலும் மூழ்காது என்பதோடு, கரை சேர்ந்ததும் அவிழ்த்து மணலில் உலர்த்திக்கொள்ளத்தக்க விசித்திர வாகனமும் ஆகும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது, பலகைமேல் நின்று அலையை வென்றவர்களுக்குப் பதக்கம் அளித்தார்கள். அதே வித்தையைத் தலைமுறை தலைமுறையாக வலையும் கையுமாகச் செய்துவந்தவருக்குக் கிடைத்ததோ மீன் மட்டுமே, அதுவும் சில நாட்களில்தான். இப்போது அவரும் பெரும்பாலும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டபடியால், கட்டுமரத்தைக் கண்ணால் காண விரும்பினால் தாமதியாமல் புறப்படுவீராக.