மூட்டை கட்டிய மெய்நிகர் கணினிகள்

கே: வீட்டில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகளை பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றினேன். விண்டோஸ் நீலத் திரை காட்டுகிறது. லினக்ஸ் எழுந்துகொள்கிறது, நெட்வொர்க் மட்டும் இல்லை. இலவசத்தை நம்பியது தப்பா?
– ஒரு வாசகர், தளேகாவ், புணே

ப: இலவசம் என்றைக்கு நிரந்தரம்? 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐக்கு மூடுவிழா. பாதிப் பேர் மூட்டை கட்டிய பிறகு, 2025 ஏப்ரலில் மறுபடியும் இலவசம்!

உங்கள் கணினிகளின் கதை, உங்கள் ஊர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஹூண்டாயிடம் போன கதைதான். கட்டடம் அதே, உள்ளே பூட்டுகிற சாமான் வேறு.

ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரே இழுத்துக்கொள்ளும் வசதி பிராக்ஸ்மாக்ஸில் 2024 முதல் இருக்கிறது. வட்டு பத்திரமாக வந்துவிடும், டிரைவர் கூடவே வராது. பிராக்ஸ்மாக்ஸின் மெய்நிகர் வட்டுக்கான விர்ட்ஐஓ டிரைவர் இல்லாத விண்டோஸுக்குத் தன் வட்டையே அடையாளம் தெரியாது. முதலில் வட்டை சாட்டாவில் மாட்டி பூட் செய்யுங்கள். டிரைவரைப் போட்டு, சின்னதாக ஒரு விர்ட்ஐஓ வட்டையும் சேர்த்துப் பழக்கிவிட்டு, பிறகு பெரிய வட்டையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள்.

லினக்ஸில் பெயர்க் குழப்பம். அங்கே ஈஎன்எஸ்192 ஆக இருந்த நெட்வொர்க் கார்டு, இங்கே பெரும்பாலும் ஈஎன்எஸ்18. கன்ஃபிக் கோப்போ பழைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். திருத்துங்கள், ஓடி வரும்.

கே: பழைய வட்டை எப்போது அழிக்கலாம்?

ப: பேக்கப்பிலிருந்து ஒரு கணினியாவது எழுந்து நின்ற பிறகு. அதுவரை சித்தி பையன் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.