மேல்விலங்கு

எங்கள் சபையில் ஜெபச் சீட்டுப் போடுவதற்கென்று வாசலோரம் ஒரு மரப்பெட்டி உண்டு. அதற்குப் பூட்டு கிடையாது. பக்கத்தில் இருக்கும் காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. எதை யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது பெட்டி செய்த ஆசாரிக்கே தெரிந்திருக்கிறது.

சீட்டுகளில் பெரும்பாலும் முட்டுவலி, விசா, மகளுக்கு வரன், பேத்திக்கு நீட். முப்பத்தைந்து வருஷமாக இந்தச் சபையில் இருக்கிறேன். 'என்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை, ஜெபியுங்கள்' என்று ஒருவர்கூட எழுதிப் போட்டதில்லை. அந்தக் குறை யாருக்கும் இல்லை என்று அர்த்தமல்ல. கமிட்டிக் கூட்டத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அந்தக் குறை இல்லாத ஆத்துமா ஒன்றுகூட அங்கே தேறாது. கேட்க வெட்கம், அவ்வளவுதான். முட்டுவலி வயசானால் வருவது. இது எந்த வயசில் வந்தாலும், 'இவனுக்கு என்ன கேடு' என்பார்கள்.

எனக்கு அந்தக் கேடு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தது. இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "இன்னைக்கு மனசு என்னவோ மாரி இருக்கு" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒரு மனுஷன் எதிர்பார்ப்பது அதிகமில்லை. எதிரில் இருப்பவர் கையிலிருக்கும் கரண்டியை வைத்துவிட்டு, 'என்ன ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். என் மனைவி கரண்டியை வைக்கவில்லை.

"மத்தியானம் மொச்சைய அந்தப் போடு போட்டிய. வாயுவாத்தான் இருக்கும். ஓமம் இருக்கு, மெல்லுங்க."

மென்றேன். மென்றுகொண்டே நிமிர்ந்தால் சுவரில் அசிசியின் பிரான்சிஸ் ஜெபம். மகன் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய சட்டம். பிறர் என்னைப் புரிந்துகொள்ள நாடாமல் நான் பிறரைப் புரிந்துகொள்ள அருளும் என்று அதில் ஒரு வரி வரும். ஓமம் மெல்லுகிறவன் வாசிக்கக்கூடாத வரி. ஒரு தகவல் சொல்கிறேன்: அந்த ஜெபத்தை எழுதியது பிரான்சிஸ் இல்லை. அவர் 1226-லேயே காலமாகிவிட்டார். ஜெபம் 1912-ல் பாரிசில் ஒரு சின்னப் பத்திரிகையில் பெயர் போடாமல் வந்தது. என்னைப் புரிந்துகொள்ளவேண்டாம் என்று எழுதியவர் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்த ஜெபத்தைச் சொன்னவர்களில் சொன்னபடி நடந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினேன். 'என் குடும்பத்தார் என்னைப் புரிந்து வாழ ஜெபிக்கவும். இப்படிக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.' பெயர் போடவில்லை. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான் ஒருவன்தான் என்பது எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் போதகரான ஐயர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். முட்டுவலி, முட்டுவலி, கனடா. என் சீட்டை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவர் முகத்தில் ஒரு வருத்தம் படர்ந்தது. பிறகு மெதுவாக வாசித்தார்: "ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் குடும்பத்தார் அவரைப் பிரிந்து வாழாதபடிக்கு ஜெபிப்போம்."

பெண்கள் பக்கம் மொத்தத் தலையும் ஒரே வீச்சில் திரும்பியது. முதலில் என்னை நோக்கி, அப்புறம் என் மனைவியை நோக்கி. பாடகர் குழு ஒரே சமயத்தில் அத்தனை ஒழுங்காக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். 'பு' என்று எழுதும்போது கோடு கீழே இறங்கவேண்டும். என் பேனா அவசரத்தில் மேலே ஏறி வளைந்துவிட்டது. மேலே வளைந்தால் அது மேல்விலங்கு, எழுத்து 'பி'. இதைத்தான் முப்பத்துமூன்று வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். 'பிரிந்து வாழ ஜெபிக்கவும்' என்று ஒரு விசுவாசி கேட்பானா என்று ஐயர் திகைத்து, நல்ல மனசோடு ஒரு 'வாழாதபடிக்கு' சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனரி சீகன்பால்குவுக்கே தமிழ் எழுத்து படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஜெர்மனியில் ஹாலேயில் வார்த்து அனுப்பிய அச்செழுத்து அளவுக்கு மீறிப் பெரிசாக இருக்கப்போய், இங்கே சின்ன எழுத்து வார்த்துத்தான் 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். என்னுடையது ஒரே எழுத்து.

வேதத்திலும் இது புதிசில்லை. சீலோவில் அன்னாள் பிள்ளை வரம் கேட்டு உதட்டை மட்டும் அசைத்து அழுதாள். வாசல் நிலையோரம் உட்கார்ந்திருந்த ஏலி, இந்தப் பெண் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கண்டித்தார். உதட்டை வாசிக்கத் தெரியாத ஆசாரியன். அவள் பொறுமையாக விளக்கியதும், என்ன வேண்டினாள் என்றுகூடக் கேட்காமல், கேட்டது கிடைக்கும் என்று வாழ்த்தி அனுப்பினார். கிடைத்தது. பெந்தெகொஸ்தே நாளிலும் இதே பேச்சுத்தான். மணி காலை ஒன்பதுதான் ஆகிறது, யாரும் குடிக்கவில்லை என்று பேதுரு எழுந்து நின்று சொல்லவேண்டியிருந்தது. என் விஷயத்தில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கம் வந்துவிட்டது. யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. இவர்கள் ஏழு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. "மதினி, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். எங்க வீட்டுலயும் இவாளப் பிரிஞ்சிரலாமான்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். வெளித் திண்ணையில் என்னோடு உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரர் காப்பி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். வந்தவர்களுக்கு வடை சுட்டதில் எங்கள் வீட்டு உளுந்து தீர்ந்தது.

ஆராதனை யூடியூபிலும் போவதால் ராத்திரி ஷார்ஜாவிலிருந்து மகன் கூப்பிட்டான். "அப்பா, ஒண்ணும் பேசாதீங்க. அம்மாட்ட குடுங்க."

என் மனைவி அவனிடம், "ஒண்ணுமில்லல. ஒங்கப்பா புரிந்துன்னு எழுதியிருப்பாவ. ஐயரு பிரிந்துன்னு வாசிச்சிட்டாரு" என்றாள்.

சீட்டு எழுதியதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சீட்டை அவள் பார்க்கவும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தொரு வருஷமா உங்க பலசரக்குச் சீட்ட நான்தான கடைக்காரருக்கு வாசிச்சுக் காட்டுதேன். புளின்னு எழுதுனா பிளின்னு இருக்கும். போன கிறிஸ்மசுக்குப் புட்டுமாவு கேட்டு எழுதுனத பையன் பிட்டுமாவுன்னு வாசிச்சு முழிச்சான்." போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கையில் கரண்டி இல்லை. "ஊரக் கூட்டி, எனக்கு உங்களப் புரியலன்னு சொன்னிய. சரி. கமிட்டிக் கூட்டம்னா உங்களுக்குத் தலைவலி வரும். எங்க அண்ணன் வந்தா முட்டுவலி வரும். 'நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல'ன்னு சொன்னா தப்பா நெனச்சிருக்கிய. வெள்ளிக்கிழம மனசு என்னவோ மாரி இருந்ததுக்குக் காரணம், சபை மலர்ல உங்க கட்டுரையத் தூக்கிட்டு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டது."

இதை நான் உங்களிடம்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மேலே எழுதும்போது நைசாகத் தாண்டிவிட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டா ஓமம் குடுத்த?"

"வாயுவும் இருந்துச்சுல்ல."

இருந்தது. சனிக்கிழமை காலையில்தான் விட்டது.

அன்று ராத்திரி 139-ம் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன். சின்ன வயசிலிருந்து மனப்பாடமாகத் தெரியும். உட்காருவதும் எழும்புவதும், வாயில் வராத வார்த்தைகூடக் கர்த்தருக்குத் தெரியும் என்பதை இத்தனை காலமும் ஆறுதலாகத்தான் வாசித்துவந்திருக்கிறேன். அப்படித் தெரிந்துவைத்திருக்கிறவரை விட்டு எங்கே ஓடுவது என்று தாவீது உடனே வழி தேடுவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வானம், பாதாளம், கடல் கடைசி, இருட்டு என்று ஒன்று பாக்கியில்லாமல் பார்த்துவிட்டார். எனக்கும் அந்த நேரம் மொட்டைமாடிக்குப் போகவேண்டும்போல இருந்தது. சீட்டில் நான் கேட்டது என்னைப் புரிந்துகொள்ளும் ஆளை அல்ல போல. நான் தயாரித்துவைத்திருக்கும் பொழிப்புரையை அப்படியே ஒப்புக்கொள்ள ஆள் கேட்டிருக்கிறேன். மூலத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கும்போது பொழிப்புரை விலைபோகாது.

அடுத்த ஞாயிறு ஐயரிடம் விஷயத்தைச் சொல்லித் திருத்தம் கொடுக்கச் சொல்லலாம் என்று கிளம்பினேன். மனைவி ஸ்தோத்திரக் காணிக்கை உறை ஒன்றைக் கையில் கொடுத்தாள். மேலே அவளுடைய முத்து முத்தான எழுத்தில், 'குடும்பம் பிரியாமல் காத்த கிருபைக்காக, ரூ.500.'

"அவரு தப்பா வாசிச்சதுக்கா ஐந்நூறு?"

"வெளக்கம் சொல்லப் போனா இன்னும் ரெண்டு வாரம் வந்து வடை தின்னுவாவ. உளுந்து விக்கிற வெலைக்கு இது லாபம்."

ஐயர் ஒரு எழுத்து தட்டாமல் வாசித்தார். பெண்கள் பக்கம் தலைகள் மறுபடி திரும்பின. திண்ணையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர் மட்டும் வாசலோரத்து மரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.